ஒன்றரை வயசு பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான், பசி எடுக்க சிரப் கொடுக்கலாமா?

நீங்க கேட்டிருக்கறது என்னமோ "பையனுக்கு பசி எடுக்க எந்த சிரப் நல்லது"ன்னுதான், ஆனா முழுசா படிச்சா கேள்வி அது இல்லம்மா. ஒரு வேளை சோறு ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகுது, போன்ல பாட்டு ஓடினாதான் வாயைத் தொறக்கிறான், மாமியார் எதிர்வீட்டு குழந்தையை காட்டி அது எப்படி கொழுகொழுன்னு இருக்கு நம்ம புள்ள மட்டும் ஏன் இப்படி வத்தலா இருக்குன்னு தெனம் சொல்றாங்க, வீட்டுக்காரர் பசிச்சா தானா சாப்பிடுவான் விடுன்னுட்டு வேலைக்கு கிளம்பிடறாரு, நடுவுல கிண்ணத்தோட நிக்கறது நீங்க ஒருத்தி. இவனுக்கு நெஜமாவே ஏதாவது கோளாறா, இல்ல எனக்குத்தான் புள்ள வளக்கத் தெரியலையா, இதுதான் நீங்க கேக்கறது. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் டாக்டர் இல்ல. தஞ்சாவூர் பக்கம் 27 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டையர் ஆனவ. ஊர்ல எல்லாரும் நர்சம்மான்னு கூப்பிடுவாங்க. தடுப்பூசி போடறது, புள்ளைங்களை தொங்குற தராசுல உக்கார வச்சு எடை பாக்கறது, வீடு வீடா போய் என்ன கொடுக்கறீங்கன்னு கேக்கறது, இதுதான் என் பொழப்பு. இதுல எத்தனை அம்மா "சாப்பிடவே மாட்டேங்குது"ன்னு சொல்லியிருப்பாங்கன்னு கணக்கே கிடையாது. அதுல முக்காவாசி புள்ளைங்க ஒன்றுலேந்து மூணு வயசுக்குள்ளதான் இருக்கும். அதுக்கு காரணம் இருக்கு.

நீங்க கொடுத்த எடையை வச்சே பாப்போம். பொறந்தப்ப 2.7 கிலோ, ஒரு வயசுல 8.7, இப்ப ஒன்றரை வயசுல 9.6. மொத வருஷத்துல மட்டும் 6 கிலோ ஏறியிருக்கான், அதாவது பொறந்த எடையைப் போல மூணு மடங்குக்கு மேல ஆயிட்டான். இதே வேகத்துல போனா அஞ்சு வயசுல 30 கிலோவுக்கு மேல நிப்பான், எந்த வீட்லயாவது அப்படி பாத்திருக்கீங்களா? உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கு, அதுக்கு நம்ம டெல்லி குழந்தைங்களையும் சேத்து ஆறு நாட்டு குழந்தைங்களை அளந்திருக்காங்க. அதுல நடுவாந்தர ஆண் குழந்தை மொத வருஷம் ஆறேகால் கிலோ கிட்ட ஏறுது, ரெண்டாவது வருஷம் முழுக்க சேத்து ரெண்டரை கிலோ சொச்சம்தான். உடம்பு வளர்ற வேகம் பாதிக்கும் கீழ எறங்கிடுது, அதோட பசியும் எறங்குது. எட்டு மாசத்துல கிண்ணத்தை வழிச்சு சாப்பிட்ட புள்ள ஒன்றரை வயசுல ரெண்டு வாயோட தலையை திருப்பிக்கறது இதனாலதான். போதாக்குறைக்கு அப்பதான் நடக்கவும் ஓடவும் கத்துக்கிட்டிருக்கும், உலகமே புதுசா இருக்கும்போது சோத்துக்கு யார் உக்காருவா. இதுல எனக்கு துளி சந்தேகம் கிடையாது.

உங்க பையன் எங்க நிக்கறான்னா, ஒன்றரை வயசு ஆண் குழந்தைக்கு நடுவாந்தர எடை 10.9, 8.8க்கு கீழ போனாதான் எடை குறைவுன்னு சொல்வோம். 9.6 பச்சைப் பகுதியிலதான் இருக்கு. தாய் சேய் நல அட்டைல பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு பட்டை போட்டிருக்கும் பாருங்க, அதை எடுத்து மூணு எடையையும் புள்ளி வச்சு கோடு இழுங்க. எதிர்வீட்டு குழந்தை எங்க நிக்குதுங்கறது முக்கியமே இல்ல, உங்க புள்ளையோட கோடு அந்த வளைவோட சேந்து போகுதாங்கறதுதான் கணக்கு. உங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒல்லின்னு எழுதியிருக்கீங்க, புள்ள மட்டும் பயில்வானா எங்கேந்து வருவான். ஆனா ஒண்ணு, பூசி மெழுக மாட்டேன். ஆறு மாசத்துல 900 கிராம்தான் ஏறியிருக்கு, நடுவாந்தரக் குழந்தை 1.3 கிலோ ஏறியிருக்கும். கோடு லேசா சாயுது. பயப்படற அளவுக்கு இல்ல, ஆனா விட்டுடற அளவுக்கும் இல்ல, அதனால உங்க வீட்டுக்காரர் சொல்றதும் முழுசா சரி கிடையாது. அங்கன்வாடில கை சுற்றளவு பாக்கற டேப் வச்சிருப்பாங்க, இடது கைல தோளுக்கும் முட்டிக்கும் நடுவுல சுத்தி பாக்கணும், 12.5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா நிம்மதி, 11.5க்கு கீழன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

இப்ப எனக்கு நெஜமா உறுத்துன விஷயத்துக்கு வரேன். நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க, "பால் மட்டும் நல்லா குடிக்கிறான், பாட்டில்ல ஒரு நாளைக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் லிட்டர், சக்கரை போட்டு". நான் நேர்ல வந்திருந்தா மொத கேள்வியே இதைத்தான் கேட்டிருப்பேன். முக்கா லிட்டர் பால்னா, எந்த பாக்கெட்ங்கறதைப் பொறுத்து 450லேந்து 650 கலோரி, சக்கரை தனி. இந்த வயசுக்கு நாள் முழுக்க தேவையே ஆயிரம் கலோரி சுமார்தான். பாதி சாப்பாடு பாட்டில்லயே முடிஞ்சிடுது! அதுக்கு மேல சாயங்காலம் பாட்டி கையால நாலு பிஸ்கட்டு, அழுதா ஒரு மிட்டாய், இதையும் கூட்டுங்க. அவன் சாப்பிடாம இல்லம்மா, வயிறு நெறைஞ்சுதான் இருக்கான், நீங்க நெறைஞ்ச வயித்துக்கு சோறு ஊட்டிக்கிட்டிருக்கீங்க.

பால் நல்லதுதானேன்னு கேப்பீங்க. நல்லதுதான், ஆனா அதுல இரும்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது, மத்த சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் உடம்பு எடுத்துக்க விடாம பாலோட சுண்ணாம்புச்சத்து கொஞ்சம் தடுக்கும். பாலே கதின்னு இருக்கற புள்ளைங்களுக்கு ரத்தசோகை வர்றது இப்படித்தான். ரத்தம் கொறைஞ்சா பசி கொறையும், பசி கொறைஞ்சா சோறு எறங்காது, சோறு எறங்கலைன்னா வீட்ல எல்லாரும் சேந்து பாலையாவது குடிக்கட்டும்னு இன்னொரு பாட்டில் கலக்குவாங்க. செக்குமாடு மாதிரி இதுலயே சுத்திக்கிட்டிருக்க வேண்டியதுதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல எடுத்தப்ப நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு உட்பட்ட புள்ளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நாட்டு கணக்கு 67 சதவீதம். ரெண்டுல ஒண்ணுக்கு மேல. அதனால உங்க பையனுக்கும் இருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா இருக்குன்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது, கண் இமையை இழுத்து பாத்து சொல்றதும் அவ்வளவா நம்பற மாதிரி இல்ல, லேசா இருந்தா கண்ணுல தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல விரல்ல குத்தி ஹீமோகுளோபின் பாத்துடுவாங்க. 11க்கு கீழ இருந்தா டாக்டர் மருந்து அளவு சொல்லுவார். சாதாரணமா ஆறு மாசத்துலேந்து அஞ்சு வயசு வரைக்கும் எல்லா குழந்தைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள் 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கணும்னு அரசாங்க திட்டமே இருக்கு, நர்ஸ் கொடுத்த பாட்டில் உங்க வீட்டு அலமாரில எங்கயாவது பிரிக்காம கெடக்கும், தேடிப் பாருங்க. அதை குடிச்சா மலம் கறுப்பா போகும், அதைப் பாத்து பயந்து நிறுத்தினவங்க எத்தனையோ பேர். அது ஒண்ணும் பண்ணாது.

நீங்க கேட்ட பசி சிரப்புக்கு வரேன். மெடிக்கல்ல கேட்டா எடுத்துக் கொடுக்கறது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின்னு ஒரு மருந்து. அது அடிப்படையில அலர்ஜிக்கும் அரிப்புக்கும் கொடுக்கறது, பசி கூடறது அதோட பக்க விளைவு, தூக்கமும் வரும். ரெண்டு வயசுக்கு கீழ கொடுக்கக் கூடாது. உங்க பையனுக்கு ஒன்றரை, அதனால இந்த பேச்சே வேண்டாம். பெரிய புள்ளைங்களுக்கு டாக்டர் காரணம் பாத்து எழுதுவார், அது வேற கதை, ஆனா டாக்டரைக் கேக்காம தாங்களா வாங்கிக் கொடுத்து பாத்த வீடுகள்ல மருந்து நிறுத்தின வாரமே பழைய நெலமைதான்னு அம்மாங்க சொல்லி கேட்டிருக்கேன். இன்னொண்ணு, உங்க மாமியார் தொக்கம் எடுக்க கூட்டிக்கிட்டு போகலாம்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க அம்மாவே என்னை தூக்கிக்கிட்டு போயிருக்காங்க. ஆனா சாப்பாடு மாசக்கணக்குல தொண்டையிலயோ வயித்துலயோ ஒட்டிக்கிட்டு நிக்கறது உடம்போட அமைப்புல நடக்காத விஷயம். நெஜமா தொண்டையில சிக்கினா புள்ள அஞ்சு நிமிஷம் தாங்காது. வயித்தை அமுக்கறதும் வாய்ல குழாய் வச்சு உறிஞ்சறதும் வெளில எடுத்த மாதிரி எதையோ காட்டறதும் நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அமுக்கற அமுக்குல வாந்தி எடுத்து அது நுரையீரலுக்கு போச்சுன்னா ஆபத்து. போகாதீங்க. பூச்சி இருக்குமோன்னு அவங்க கேட்டா மட்டும் அது நியாயமான கேள்வி, ஒரு வயசு முடிஞ்ச புள்ளைக்கு பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் அங்கன்வாடில பூச்சி மாத்திரை கொடுப்பாங்க, ரெண்டு வயசு வரைக்கும் பாதி மாத்திரை, பொடிச்சு தண்ணில கலந்துதான் கொடுக்கணும்.

போன் விஷயம். இந்திய குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமே ரெண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம்னுதான் சொல்லுது, ஆனா நான் இதை வேற காரணத்துக்காக சொல்றேன். போனைப் பாத்துக்கிட்டு வாய் தொறக்கற புள்ளைக்கு என்ன சாப்பிடறோம்னே தெரியாது, போதும்ங்கற உணர்ச்சியும் மழுங்கிடும், சோறுன்னா அது பாட்டு பாக்க கொடுக்கற விலைன்னு ஆயிடும். பழைய காலத்துல நிலாவைக் காட்டி ஊட்டலையான்னு கேப்பாங்க. ஊட்டினோம். ஆனா அங்க பாட்டி மூஞ்சி இருந்துச்சு, பாட்டி பேசினா, புள்ள வாயை மூடினா பாட்டிக்கு தெரியும், காக்காவுக்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய்னு பேச்சு வளந்துச்சு. தெருவுல தூக்கிக்கிட்டு போய் காக்கா காட்டி ஊட்டறதை நான் தப்புன்னு சொல்ற ஆளு இல்ல (ஓடிக்கிட்டே இருக்கற புள்ள பின்னாடி கிண்ணத்தோட ஓடறது வேற, அது தொண்டையில சிக்கும்).

வலுக்கட்டாயமா ஊட்டறதைப் பத்தி சொல்லும்போது என் கதையையும் சொல்லிடறேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன இந்த நர்சம்மா தன் மூத்த புள்ளையை மடியில படுக்க வச்சு மூக்கைப் பிடிச்சு ஊட்டினவதான். அவன் அப்ப ரெண்டு வயசு, எனக்கு காலையில கேம்ப், பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு நாள் அழுதுக்கிட்டே முழுங்கப் போய் பொறை ஏறி மூஞ்சி நீலமாயிடுச்சு, கவுத்துப் போட்டு முதுகுல தட்டினேன், வந்துடுச்சு. அன்னைக்கு பஸ் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவன் தட்டைப் பாத்தாலே பல்லைக் கடிச்சுக்குவான். இன்னைக்கு வரைக்கும் இட்லியை வாய்ல வச்சுக்கிட்டு மெல்லாம உக்காந்திருக்கற பழக்கம் அவனுக்கு உண்டு, வயசு 34.

அப்ப என்ன பண்றதுன்னா, மொத வேலை பாட்டிலை ஒழிக்கறது. டம்ளர்ல, சக்கரை இல்லாம, காலைல 200 மில்லி, சாயங்காலம் 200 மில்லி, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம், முன்னாடி இல்ல. ராத்திரி தூங்க வைக்கற பாட்டில் பல்லையும் சொத்தையாக்கும். நாலஞ்சு நாள் வீடே ரெண்டு படும், அழுவான், ஒரு நாள் பட்டினி கிடக்கற மாதிரி கூட தோணும். தாய்ப்பால் இன்னும் ராத்திரி கொடுக்கறேன்னு எழுதியிருக்கீங்க, அது ரெண்டு வயசு வரைக்கும் தாராளமா கொடுக்கலாம், அதை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. ரெண்டாவது, மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு சின்ன தீனி, அவ்வளவுதான், மத்த நேரம் வாய்க்கு தண்ணி மட்டும். சின்ன தீனின்னா வாழைப்பழம், மசிச்ச சுண்டல், அவிச்ச முட்டை, கொய்யா விதை எடுத்தது, அங்கன்வாடி சத்துமாவு உருண்டை (அதுல ஏற்கனவே வெல்லம் இருக்கு, மேல சக்கரை போடாதீங்க). டீல பிஸ்கட் தொட்டு கொடுக்கற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்துங்க, டீயும் இரும்பை தடுக்கும்.

சாப்பாட்டு நேரத்துல நீங்க எல்லாரும் சாப்பிடும்போது அவனையும் பக்கத்துல உக்கார வச்சு தனி தட்டுல கொஞ்சமா, ரெண்டு மூணு ஸ்பூன் அளவு போடுங்க. தட்டு நெறைய போட்டா பாத்ததுமே மலைச்சுப் போயிடும். கையை விட்டு பிசையட்டும், பாதி தரைல போகட்டும், பழைய பேப்பர் விரிச்சுக்கங்க. கேட்டா இன்னும் போடுங்க. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம், அப்புறம் தட்டை எடுத்துடுங்க, திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், "இன்னும் ஒரே ஒரு வாய்" கூட வேண்டாம். என்ன சாப்பாடு, எந்த நேரம், எங்க உக்காந்துங்கறது நம்ம பொறுப்பு, எவ்வளவுங்கறது அவன் வயித்து பொறுப்பு. அமெரிக்கால கிளாரா டேவிஸ்னு ஒரு டாக்டரம்மா 1926ல ஆரம்பிச்சு பால் மறந்த 15 குழந்தைங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, விதவிதமா சாப்பாட்டை தட்டுல வச்சுட்டு எதை வேணா எடுத்துக்கோன்னு விட்டுட்டாங்க, ஒரு நாள் அதையே திம்பாங்களாம், இன்னொரு நாள் இன்னொண்ணு, ஆனா எல்லாம் நல்லா வளந்துச்சுங்க. இதை வச்சு புள்ள கேக்கறதைக் கொடுன்னு சொல்றவங்க ஒண்ணை மறந்துடறாங்க, அந்த தட்டுல சக்கரையும் பிஸ்கட்டும் இல்லவே இல்ல, வச்சதெல்லாம் நல்ல சாப்பாடு. அதனால தட்டுல என்ன இருக்குங்கறது உங்க கைல.

அந்த தட்டுல ரசஞ்சோறும் பருப்புத் தண்ணியும் மட்டும் இருந்தா வேலைக்கு ஆகாது. பருப்புத் தண்ணி சத்துன்னு தெளிவா இறுத்து கொடுப்பாங்க, பருப்பு பாத்திரத்து அடியிலேயே தங்கிடும், தண்ணில என்ன இருக்கு. பருப்பையே கெட்டியா மசிச்சு, சோத்துல ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு கொடுங்க, சின்ன வயித்துக்கு கொஞ்சத்துலயே நெறைய போகணும். முருங்கைக்கீரை வாரம் மூணு நாள், மேல ரெண்டு சொட்டு எலுமிச்சை, அப்பதான் கீரையோட இரும்பு ஒட்டும். அசைவம் சாப்பிடற வீடுன்னா ஆட்டு ஈரல், முள் எடுத்த மீன், முட்டை, இதைவிட நல்ல இரும்பு கடைல கிடையாது. ஒரு சாப்பாட்டை மொத தடவை துப்பினா பிடிக்கலைன்னு முடிவு கட்டாதீங்க, பத்து பதினஞ்சு தடவை கண்ணுல பட்ட பிறகுதான் சில புள்ளைங்க வாய்லயே வைக்கும். நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை மட்டும் முழுசா கொடுக்காதீங்க, கடலை மூச்சுக்குழாய்ல போய் உக்காந்த ஒரு புள்ளையை தூக்கிக்கிட்டு நாங்க தஞ்சாவூருக்கு ஓடின ராத்திரி எனக்கு மறக்காது. பொடிச்சு கொடுங்க.

உங்க மாமியாரைப் பத்தி நீங்க எழுதினதுல கோவம் தெரியுது, நியாயம்தான், ஆனா அவங்களை எதிரியாக்கிட்டா இது எதுவும் நடக்காது, ஏன்னா நீங்க வேலைக்குப் போற ஒம்பது மணி நேரமும் புள்ள அவங்க கிட்ட. நான் வீடுகளுக்கு போறப்ப மருமகளை விட்டுட்டு மாமியார்கிட்டதான் மொத பேசுவேன். "அம்மா உங்க கைப்பக்குவத்துக்குத்தான் அவன் சாப்பிடுவான், பிஸ்கட்டுக்கு பதிலா நீங்க ஒரு கேழ்வரகு அடை தட்டிக் கொடுங்களேன்"னு சொன்னா மூஞ்சி மாறிடும். தராசுல ஏத்தும்போது அவங்களையும் கூட்டிக்கிட்டு போங்க, அட்டைல பச்சைப் பட்டைய நர்ஸ் வாயால காட்டச் சொல்லுங்க. மருமக சொன்னா ஏறாதது நர்ஸ் சொன்னா ஏறும், இது 27 வருஷத்துல நான் கண்ட உண்மை.

சில அறிகுறி இருந்தா மட்டும் நான் சொன்னதையெல்லாம் ஓரமா வச்சுட்டு குழந்தை டாக்டரைப் பாருங்க. மூணு மாசமா எடை ஏறவே இல்ல, இல்ல எறங்குது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ காய்ச்சலோ இருக்கு, அதுவும் வீட்ல பெரியவங்க யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தா டிபி பாக்கணும். கெட்டியா எதைக் கொடுத்தாலும் பொறை ஏறுது, வாந்தி வருது. கால் வீங்குது. மண்ணு, சுவத்து சுண்ணாம்பு, சாக்பீஸ் திங்குது, எங்க ஊர்ல மண்ணு தின்ன ஒரு பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 6 கிட்ட இருந்துச்சு, அது வரைக்கும் வீட்ல அடிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. ஒன்றரை வயசுலயும் ஒரு வார்த்தை கூட பேசல, கூப்பிட்டா திரும்பல, கண்ணைப் பாக்கல, ஒரே மாதிரி சாப்பாட்டைத் தவிர எதையும் தொடல, இப்படி சேந்து இருந்தா அது பசி சம்பந்தப்பட்டது இல்ல, வளர்ச்சி சம்பந்தமா பாக்க வேண்டியது, சீக்கிரம் காட்டினா நல்லது. மலம் கல்லு மாதிரி போகுதான்னும் பாருங்க, நெறைய பால் குடிக்கற புள்ளைங்களுக்கு மலச்சிக்கல் வரும், அதுவே பசியைக் கொல்லும்.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எடை பாருங்க, தெனமும் தராசுல ஏத்தி மனசை வதைச்சுக்காதீங்க. அதே தராசு, காலைல, சட்டை கழட்டி. டயபரையும் மறக்காம கழட்டிடுங்க, ஈரமான டயபர் கால் கிலோ காட்டும், அதை புள்ள எடைன்னு நெனச்சு சந்தோஷப்பட்டு அடுத்த மாசம் கொறைஞ்சுடுச்சுன்னு அழுதுக்கிட்டு வந்த அம்மாங்களுக்கு நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கேன்.